தொருன் ஸ்டேஷனில் ஆர் நிற்பினம்?

அந்தத் தகர பிஸ்கட் ரின்னின் மூடியைத் திறந்ததும் கராம்பு, கறுவா, தேன் எல்லாம் சேர்ந்து ஒரு வாசம் வரும்... அதோட ப்ளீச் வாசமும் வரும். இரண்டும் கலந்த அந்த வாசம்தான் எனக்கு என்ரை முதல் வேலை.

பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரி லோன்ட்ரி. நான் சிட்னிக்கு வந்த புதிசு. பென்டில் ஹில்லில் ட்ரெயின் ஏறி, பாதி நித்திரையில் போய் இறங்குவேன். மெஷினில் சிக்குகிற பெரிய ஷீட்டுகளைக் கையால்தான் மடிக்க வேணும். ஒரு ஷீட்டுக்கு இரண்டு பேர்.

மற்றப் பக்கம் பிடிச்சது டனூட்டா.

போலந்துக்காரி. என்னை விடக் கொஞ்சம் மூத்தவ. அவவின் இங்கிலீஷும் அரைகுறை, என்னுடையதும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

டனூட்டா கொண்டு வாற அந்த ரின் மூடியில் அவவின் ஊர்ப் படம் இருக்கும். தொருன். ஆற்றங்கரையில் சிவப்புச் செங்கல் மதில், பழைய சேர்ச், சாய்ஞ்சு நிற்கிற ஒரு கோபுரம்... இஞ்சி பிஸ்கட்டுக்குப் பேர்போன சின்ன ஊராம். டீ பிரேக்கில் அந்த மூடியை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஹொலிடே பிளான் பண்ணுவோம். கையில் விசாவும் இல்லை, லீவும் இல்லை. பிளான் மட்டும் பக்கா.

"முதல் நாள் ஆத்தங்கரையில இருப்பம்," என்பா டனூட்டா.

"ரெண்டாம் நாள்?"

"பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்து ஆத்தங்கரையில இருப்பம்."

"அந்தக் கோபுரம் பாக்கிறேல்லையோ?"

"அது சாய்ஞ்சு கனகாலம். நாங்கள் போகாட்டியும் விழாது."

இப்பிடி ஒரு ஹொலிடேயை நான் கேள்விப்பட்டதே இல்லை. எங்கட ஆக்களுக்கு ஹொலிடே என்றால் சொந்தக்காரர் வீடு. லண்டனில் மாமி, பாரிசில் சித்தப்பா, சுவிஸில் மச்சாள். ஈஃபில் டவரைக் கார் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, புட்டு ஆறிடும் என்று சித்தப்பா வீட்டுக்கு ஓடுகிற சாதி நாங்கள். சொந்தம் இல்லாத ஊர் எங்கட மேப்பிலேயே கிடையாது.

ஒருநாள் ஷீட் மடிக்கும்போது கேட்டேன், ஏன் நீ ஒருக்காலும் ஊருக்குப் போகேல்லை என்று. அவ தன் முனையைப் பிடிச்சபடி என்னை நோக்கி நடந்து வந்து, முனையை என் கையில் தந்துவிட்டுத்தான் பதில் சொன்னா.

"நானும் அம்மாவும் வெளிக்கிட்ட அண்டைக்கு எங்கட தெருவே ஸ்டேஷனுக்கு வந்தது. இப்ப ஒருத்தரும் இல்லை. ட்ரெயினால இறங்கேக்க கூப்பிட ஆள் இல்லாட்டி, அது என்ன ஊர்?"

பிறகு நான் படிச்சு வேறு வேலைக்குப் போனேன். கல்யாணம், பிள்ளைகள், வீட்டு லோன்... ஆனால் டனூட்டாவை விடவில்லை. ரிட்டயர் பண்ணி, பிளாக்டவுனில் தனியாக இருக்கிறா. டிசம்பரில் நத்தாருக்கு நான் ரோல்ஸ் கொண்டு போவேன், அவ பிஸ்கட் தருவா.

இந்த வருசம் லண்டனில் என்ரை மனுசனின் அக்கா மகளுக்குக் கல்யாணம். இவரிடம் ஒரேயடியாகச் சொல்லிவிட்டேன்... திரும்பி வர முதல் தொருனில் மூன்று நாள், சும்மா இருக்க. டனூட்டாவையும் வாவென்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "பாப்பம்," என்றா. அவவின் பாப்பத்துக்கு மாட்டேன் என்றுதான் அர்த்தம்.

அதுக்குப் பிறகுதான் நான் அந்த விசர் வேலையைச் செய்தேன். ஹோட்டல் படத்தை ஃபமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்.

பெர்லினில் இருக்கிற பெரியம்மாவின் மகன் ரூபன் அண்ணா உடனே கோல் எடுத்தார்.

"பிள்ளை, அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அண்ணா. ரெஸ்ட் எடுக்கப் போறம்."

"ஒருத்தரும் இல்லாத இடத்தில என்னெண்டு ரெஸ்ட் எடுக்கிறது? கார்ல நாலைஞ்சு மணித்தியாலம்தானே. நாங்கள் வாறம்."

பின்னேரத்துக்குள் பாரிஸ் சித்தப்பாவும் வாறாராம். வான் பிடிச்சாச்சு. ரைஸ் குக்கர் வருதாம். எல்லாரும் ஸ்டேஷனுக்கே வந்து கூப்பிடுவினமாம். எனக்கு அழுகை வராத குறை. இத்தனை வருசமாக மூடியைப் பார்த்துப் பார்த்துப் போட்ட பிளான்... இவர் பேப்பருக்குப் பின்னால் முகத்தை ஒளிச்சுக்கொண்டு சிரிக்கிறார்.

அடுத்த நாள் டனூட்டா வீட்டுக்குப் போனேன். குசினி மேசையில் அதே ரின், இப்ப அதுக்குள் அவவின் பிரஷர் குளிசைகள். எங்கட அமைதியான ஹொலிடே நாசமாய்ப் போச்சு, ஒரு வான் நிறைய ஆக்கள் ஸ்டேஷனில் நிற்கப் போகினம் என்று சொல்லிப் புலம்பினேன்.

டனூட்டா கோப்பையை மேசையில் வைச்சா.

"ஸ்டேஷனுக்கு வருவினமோ?"

"ஓம். சொன்னாலும் கேக்காயினம்."

"உன்னைக் கூப்பிடத்தானே?"

"உன்னையும்தான். உன்னையும் கேட்டிருக்கிறன் எண்டன், நீ உறைப்புச் சாப்பிடுவியோ எண்டு அண்ணா ரெண்டு தரம் கேட்டிட்டார்."

அவ மூடியை எடுத்துச் சட்டை நுனியால் துடைச்சா. பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, "உன்ரை ஃபோனில டிக்கெட் எடுக்கலாமோ?" என்று கேட்டா. எத்தனை தரம் கூப்பிட்டும் அசையாத மனுசியை ரூபன் அண்ணாவின் வான் அசைச்சுப்போட்டுது.

அப்ப எங்களிடம் ஒரு ரின் மூடியும் பத்து நிமிச டீ பிரேக்கும்தான் இருந்தது, எந்த ஊருக்கும் போகலாம் போல இருந்தது. இப்ப டிக்கெட் இருக்கு, ஹோட்டல் இருக்கு, ஒரு வான் சனம் இருக்கு. போட்ட பிளானில் மிச்சம் அந்த ஆற்றங்கரை மட்டும்தான். இத்தனை பேரோட அங்கே எப்படி அமைதியாக இருக்கிறது என்று நேற்றும் டனூட்டாவிடம் கவலைப்பட்டேன்.

"அது நீளமான கரை," என்றா. "எல்லாரும் இருக்கலாம்."