ஈசானி மூலையில எங்க பாத்ரூம்

கும்மிடிப்பூண்டில நான் வேலை செஞ்ச பிளாஸ்டிக் கம்பெனியில, கடவுள் எங்க இருக்காருன்னு யாருக்கும் சந்தேகமே வந்ததில்ல. மெஷின் மேல பொட்டா இருந்தாரு. கரண்ட் பெட்டி மேல பட்டையா இருந்தாரு. நான் சர்ச்சுக்குப் போறவ. ஆண்டவரு எல்லா எடத்துலயும் இருக்காருன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேட்டு வளந்தவ. அதனால எனக்கும் அதுல ஒண்ணும் தகராறு இல்ல. வாஸ்துக்காரர் வர்ற வரிக்கும்.

ஆர்டர் கொறஞ்சு போச்சுன்னு ஓனர் கூப்ட்டு வந்த ஆளு அவரு. கையில திசைகாட்டியை வெச்சுக்கினு கம்பெனியை ரெண்டு சுத்து சுத்துனாரு. வடகெழக்கு மூலையில வந்து நின்னு மூக்கைப் பொத்திக்கினாரு. "ஈசானி மூலை சார் இது! சாமி இருக்க வேண்டிய எடம். இங்க போய் இதைக் கட்டி வெச்சிருக்கீங்களே!"

'இது'ன்னா எங்க லேடீஸ் பாத்ரூம். பேக்கிங் செக்‌ஷன்ல இருக்குற நாப்பது பொம்பளைங்களுக்கும் இருந்தது அது ஒண்ணுதான். அதை இடிச்சுட்டுப் புள்ளையார் கோயில் கட்டப் போறாங்களாம். நாங்க மெயின் கேட்டாண்ட இருக்குற ஆபீஸ் பாத்ரூமுக்குப் போவணுமாம். போக வர கால் மணி நேரம். லைன் ஓடிக்கினு இருக்கும்போது சூப்பர்வைசர் அஞ்சு நிமிசத்துக்கு மேல விட மாட்டாரு.

நானா இருந்தா கூடப் பல்லைக் கடிச்சுக்கினு இருந்துடுவேன். எம்பக்கத்துல நின்னு பெட்டிக்கு டேப் ஒட்டுற பொண்ணு சோழவரத்துலேர்ந்து வர்றவ. ஏழாம் மாசம். மணிக்கு ரெண்டு தடவை ஓடுவா. பாத்ரூம் போச்சுன்னா அவ வேலையும் போச்சு. "தண்ணி குடிக்கறதை நிறுத்திடறேன்க்கா"ன்னா. எனக்கு அப்படியே பத்திக்கினு வந்துச்சு.

நேரா மேனேஜர்கிட்ட போனேன். "இம்மாம் பெரிய கம்பெனியில சாமிக்கு வேற எடமே கெடைக்கலியா சார்?"

"அது சாஸ்திரம்மா. உங்களுக்குப் புரியாது."

"இது அவசரம் சார். உங்களுக்குப் புரியாது."

அப்பத்தான் எனக்கு மூளை வேலை செஞ்சுது. லாரி டிரைவருங்க காம்பவுண்டு சுவத்துல ஒண்ணுக்குப் போறாங்கன்னு, ஏற்கெனவே கம்பெனியில சாமி டைல்ஸ் ஒட்டியிருந்தாங்க. புள்ளையாரு, மாதா, பிறை, மூணும் வரிசையா. டிரைவருங்களும் பயபக்தியா பத்தடி தள்ளிப் போய் நின்னுக்கினாங்க. மிச்ச டைல்ஸ் ஸ்டோர்ல கெடந்துச்சு. மறுநாள் நாஷ்டா டைம்ல மூணை எடுத்தாந்து, பாத்ரூம் வெளிச்சுவத்துல ஒட்டிட்டேன். மாதாகிட்ட மட்டும் தனியா மன்னிப்பு கேட்டுக்கினேன். சாமி இருக்குற சுவத்துல எவன் கடப்பாரை போடுவான்?

எவனும் போடல. இடிக்க வந்த மேஸ்திரி செருப்பைக் கழட்டி, கன்னத்துல போட்டுக்கினு, வந்த வழியே போயிட்டாரு. நாங்க ஜெயிச்சுட்டோம்னு டீயில கூடுதலா சக்கரை போட்டுக் குடிச்சோம்.

மதியம் பார்த்தா கதவுல பூட்டு. பூட்டு மேல மாலை. வாட்ச்மேன் ஊதுவத்தி கொளுத்திக்கினு இருக்காரு.

"சாமி இருக்குற எடத்துல எப்படிம்மா போவீங்க? பாவம் இல்ல?"ன்னு மேனேஜர் என்னையே கேக்குறாரு. அய்யோ, என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கினேனே! "நானே பேத்துடறேன் சார்"னேன். "ஒட்டின சாமியைப் பேக்கறதா?"ன்னு அந்தாளு பதறிப் போயிட்டாரு. அவரை விடுங்க, எங்க பொம்பளைங்களே பாதிப் பேரு அந்தப் பக்கம் போறப்பக் கன்னத்துல போட்டுக்க ஆரம்பிச்சுட்டாங்க. மத்த நேரமெல்லாம் வயித்தைப் புடிச்சுக்கினு நின்னாங்க.

மூணாம் நாள் அந்த ஏழாம் மாசப் பொண்ணு ஆபீஸ் பாத்ரூமுக்குப் போயிட்டு லேட்டா வந்தான்னு சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் கத்தினாரு. அரை மணி நேரத்துல திரும்பவும் அவளுக்கு முட்டிக்கினு வந்துச்சு. டேப்பைக் கீழ வெச்சா. மெஷின்ல சிக்குன பிளாஸ்டிக்கை நெம்புற இரும்புக் கம்பியை எடுத்துக்கினு நேரா அந்த மூலைக்கு நடந்தா. நான் பின்னாடியே ஓடினேன். ஒரே நெம்பு. தாப்பாளு ஸ்க்ரூவோட பேந்துக்கினு வந்துச்சு. மாலை கீழ விழுந்துச்சு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கினா.

நாப்பது பேரும் வெளியில கூடிட்டோம். வாட்ச்மேன் ஊதுவத்தியும் கையுமா கும்பிட்டுக்கினே நிக்கிறாரு. மேனேஜர் மூச்சு வாங்க ஓடியாந்தவரு, உள்ள பொம்பளை இருக்கான்னதும் அப்படியே நின்னுட்டாரு. எனக்கு அவ வேலை போயிடுமேன்னு பயம். சும்மா சொல்லக் கூடாது, சாமி மேலயும் கொஞ்சம் பயம்தான்.

கதவு தொறந்துச்சு. அவ எங்க யாரையும் பாக்கல, மேனேஜரை மட்டும்தான் பாத்தா.

"உள்ள யாரும் இல்ல சார். தண்ணி கூட இல்ல. மோட்டாரு போடச் சொல்லுங்க."

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தாரு. வாட்ச்மேன் ஊதுவத்தியைக் கீழ போட்டுட்டு மோட்டாரு போடப் போனாரு.