கடைசி பெஞ்சில் உஷாராணி

துவாரகாவில் ஏறும்போது மெட்ரோவின் பெண்கள் பெட்டி பாதி காலியாகத்தான் இருக்கும். உஷாராணி ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவாள். அந்த இடம் ஜனக்புரியில் ஏறும் மேகலாவுக்கு. நடுவில் ஏறுகிறவர்கள் பையையும் அவளையும் மாறி மாறி முறைப்பார்கள். ஆள் வருது என்று இந்தியில் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்படிப் பதினோரு வருஷம் மேகலாவுக்காக ஊராரிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

இருவரும் ஜங்புராவில் இறங்கி நடக்கிற தூரத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியைகள். அங்கே ஆசிரியர் அறையில் பெரும்பாலும் கான்வென்ட் படிப்பு. உஷாராணி படித்தது அம்பாசமுத்திரம் பக்கம், பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். கல்லூரி முதல் வருஷம் ஆங்கில வகுப்பில் ஊமை மாதிரி உட்கார்ந்திருந்தவள், பாடத்தில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் வீட்டில் நடக்கிற ஏதாவது ஒன்றோடு முடிச்சுப் போட்டுப் பார்த்துத்தான் மேலே வந்தாள். அஞ்சல் வழியில் எம்.ஏ., பிறகு பி.எட். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ராஜசேகரனைக் கட்டிக்கொண்டு டெல்லி வந்து, முப்பத்தாறு வயதில் இந்த வேலை. தான் தமிழ் மீடியம் என்பதைப் பள்ளியில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. மேகலாவிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

வகுப்பிலும் அவளுக்கு அந்த முடிச்சு வித்தைதான். பிள்ளைகளில் பாதிப் பேர் தமிழர்கள் இருந்த குடிசைப் பகுதியான மதராசி கேம்ப், மீதி இந்திக்காரர்கள். வீட்டில் ஆங்கிலம் கிடையாது. புதிய சொல் ஒன்றைப் பலகையில் எழுதினால், உங்கள் வீட்டில் யார் அப்படி என்று கேட்பாள். மனமில்லாமல் செய்வதைக் குறிக்கும் 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எழுதிய அன்று, "திங்கக்கிழம காலைல எங்கப்பா, மேம்" என்றான் ஒருவன். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு யாரும் மறக்கவில்லை.

முடிந்துபோன காலத்துக்கும் முடிந்தும் முடியாமல் தொடர்கிற காலத்துக்கும் வித்தியாசம் புரியாமல் ஒன்பதாம் வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, தண்ணீர் லாரியைக் கொண்டுவந்தாள். "தண்ணி வந்துச்சு. எப்போ? நேத்து. இனி குடத்த எடுத்து என்ன பண்ண? தண்ணி வந்திருக்கு. இப்ப என்ன செய்வே?" வகுப்பு மொத்தமும் ஓடணும் மேம் என்றது. இந்திப் பிள்ளைகளுக்கு அதையே இந்தியில் ஒரு முறை. லாரிக்குப் பின்னால் ஓடிய பிள்ளைகளுக்கு இலக்கணம் ஒரே பீரியடில் ஏறிவிட்டது. இதை மெட்ரோவில் சொன்னபோது மேகலா பக்கத்துப் பெண் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "நல்லாருக்கு உஷா, இத நான் எடுத்துக்கறேன்" என்றாள்.

அரசு கேம்பை இடித்த பிறகு சில குடும்பங்களுக்கு டெல்லியின் மறுகோடியில், நரேலாவில் வீடு கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புச் சிந்து அங்கிருந்து இரண்டு பஸ்ஸும் ஒரு மெட்ரோவும் மாறி வந்துகொண்டிருந்தாள். அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்துவிடலாம் என்று இருந்த அவள் அம்மா முத்தம்மாவை நிறுத்தியது உஷாராணிதான். எட்டிலிருந்து நான் கொண்டுவந்த பிள்ளைகள், பத்தாவதும் என் கையில்தான் முடிப்பார்கள், ஒரு வருஷம் பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்தாள்.

அந்தப் பள்ளியில் வருஷம் இரண்டு தடவை ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் உட்கார்ந்து பார்த்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். யாரும் யார் வகுப்புக்கும் போவதில்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் கடைசிச் சனிக்கிழமை சமோசாவும் டீயும் வரும். அவரவர் படிவத்தை அவரவரே நிரப்பிக்கொள்வார்கள். வகுப்பைப் பார்த்ததாக அடுத்தவர் கையெழுத்துப் போடுவார். நம்பும்படி இருக்க ஒரு சின்னக் குறையும் எழுதிக்கொள்வது வழக்கம். உஷாராணியின் குறை வருஷா வருஷம் ஒன்றுதான்: பலகையில் எழுத்து சிறியதாக இருக்கிறது.

மார்ச் மாதமும் அப்படித்தான் எழுதினாள். நானே ஆபீஸில் கொடுத்துவிடுகிறேன் என்று இருவர் படிவத்தையும் மேகலா எடுத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்துப் பிரின்சிபால் மேடம் கூப்பிட்டார். அந்த வருஷம்தான் வந்தவர், ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு பேச்சு கூடாது என்பவர். பத்தாம் வகுப்பு பி பிரிவை மேகலாவுக்குக் கொடுத்திருப்பதாகவும், உஷாராணிக்கு ஆறும் ஏழும் என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டதற்குப் படிவத்தைத் திருப்பிக் காட்டினார். அது அவள் எழுதியதல்ல. முழுக்க மேகலாவின் எழுத்தில் இருந்தது: இலக்கணத்தைத் தண்ணீர் லாரி, குடம் என்று தமிழிலும் இந்தியிலுமே விளக்குகிறார். வகுப்பில் ஆங்கிலச் சூழல் இல்லை. ஆசிரியையே தமிழ்வழியில் படித்தவர் என்பதால் இது மாறும் என்று தோன்றவில்லை.

கடைசி வரியை உஷாராணி இரண்டு தடவை படித்தாள். பத்தாம் வகுப்பு போனதைவிட அந்த வரிதான் அவளுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் காலை பையை மடியில் வைத்துக்கொண்டாள். காதில் வயர் மாட்டிய ஒரு பெண் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஜனக்புரியில் ஏறிய மேகலா ஒரு கணம் தயங்கி, எதிரே கம்பியைப் பிடித்து நின்றாள்.

"என்ன உஷா, இடம் போடலயா?"

"ஃபாரத்துல என்ன எழுதின?"

ரஜோரி கார்டன் வரும்வரை மேகலா கதவுக்கு மேலிருந்த ஸ்டேஷன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "என்ன பொய்யா எழுதிட்டேன்? நீ சொன்னதத்தான எழுதினேன்."

"ஒங்கிட்டல்லா சொன்னேன்."

"எம் பொண்ணுக்கு அடுத்த வருஷம் காலேஜ். பத்தாவது எடுக்கறவங்களத்தான் பர்மனென்ட் பண்ணுவோம்னு மேடம் சொல்லிட்டாங்க. உனக்கென்ன, உங்க வீட்டுக்காரர் கவர்மென்ட்ல இருக்கார். உன் வேலை ஒண்ணும் போகலயே."

வெளிப்படையாகக் கேட்டிருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேனா என்று உஷாராணி யோசித்தாள். கொடுத்திருக்க மாட்டாள். அது தெரிந்ததில் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை. மண்டி ஹவுஸில் இறங்கி அடுத்த வண்டிக்கு மாறும்போது இருவரும் வேறு வேறு படிக்கட்டில் போனார்கள்.

முத்தம்மாவுக்கு அவளே போன் செய்து சொன்னாள். முத்தம்மா சண்டை பிடிக்கவில்லை. "பஸ் பாஸ் எடுத்தாச்சுங்க டீச்சர், இனி எங்க மாத்த" என்று மட்டும் சொன்னாள். சிந்துவோ வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் புதுச் செய்தி சொன்னாள். "மேகலா மேம் ரொம்ப அச்சா இங்கிலீஷ் பேசறாங்க, மேம். ஒண்ணும் சமஜ் ஆகல, புரியவே இல்ல."

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை சமோசா வந்தது. மேகலா தன் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து உஷாராணியின் மேஜையில் வைத்தாள், ஒன்றுமே நடக்காதது போல. சின்னக் குறையும் இருந்தது: சற்று வேகமாகப் பேசுகிறார்.

"சைன் மட்டும் போட்டுடு உஷா."

உஷாராணி பேனாவை எடுக்கவில்லை. "இந்தத் தடவ நான் வந்தே பாக்கேன். எந்த பீரியட்?"

சமோசா தின்றுகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்தப் பள்ளியில் அப்படி யாரும் கேட்டதில்லை. மேகலாவின் முகம் சிவந்தது. திங்கள் மூன்றாவது பீரியட் என்றாள்.

திங்களன்று பி பிரிவின் கடைசி பெஞ்சில், சிந்துவுக்குப் பக்கத்தில், உஷாராணி வெற்றுப் படிவத்தோடு உட்கார்ந்தாள். மேகலா சுத்தமான ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள். தேர்வுக்கு முன் காலங்களை மறுபடி பார்க்கும் பாடம். இருபது நிமிஷம் குறையில்லாமல் பேசினாள். கேள்வி கேட்டதும் வகுப்பு குனிந்துகொண்டது. மறுபடி விளக்கினாள், மறுபடி கேட்டாள்; ஒரு கையும் எழவில்லை. மேகலா கடைசி பெஞ்சை ஒரு பார்வை பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வியர்த்துவிட்டது அவளுக்கு.

"ஓகே. தண்ணி லாரி ஞாபகம் இருக்கா? தண்ணி வந்துச்சு. தண்ணி வந்திருக்கு."

நாற்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின, பலகைப் பக்கம் அல்ல, கடைசி பெஞ்சுப் பக்கம். உஷாராணி படிவத்தைப் பார்த்துக்கொண்டாள். பிறகு கைகள் எழுந்தன, பதில்கள் வந்தன. மணி அடிக்கும்வரை சரியான பதில்கள்தான்.

அவள் ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் எழுதினாள். விளக்கம் தமிழில் இருந்தது. பிள்ளைகளுக்குப் புரிந்தது. குறை என்ற இடத்தில் எதுவும் எழுதாமல் கோடு போட்டாள். முதல் வாக்கியத்தை மேடம் எப்படிப் படிப்பார் என்று அவளுக்குத் தெரியும். மேகலாவுக்கும் தெரியும். மாற்றி எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். இரண்டும் உண்மை. கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் சிந்து பின்னாலேயே வந்தாள். "மேம், திரும்ப நீங்களே எடுக்கப் போறீங்களா?"

"இல்ல."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"ஒரு தடவையாவது வந்து பாக்கணும்லா" என்று சொல்லிவிட்டு, படிவத்தை யாரிடமும் கொடுக்காமல் தானே ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு நடந்தாள்.