மூன்றாம் தொட்டியின் புகையிலை வாடை

இதில் ஒரு சொல்கூட நான் கட்டிவிட்டதில்லை. கென்டக்கியில், பார்ட்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் ஒரு விஸ்கி ஆலை. அங்கே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது. சாப்பிடப் போகிறவர்கள் சாப்பிட்டு முடித்து, அது செரித்த பிறகு படியுங்கள்.

நான் அப்போது ஊறல் பார்க்கும் வேலைக்குப் புதிது. மக்காச்சோளத்தையும் மற்ற தானியங்களையும் வேகவைத்து, ஆளை முழுங்கும் ஆழமுள்ள மரத்தொட்டிகளில் நிரப்பி, ஈஸ்ட் போட்டு விடுவார்கள். சில நாள் நுரைத்துப் பொங்கும். தினமும் ஒவ்வொரு தொட்டியிலும் விரலை விட்டு நக்கிப் பார்க்க வேண்டும். இனிப்பு குறைந்து புளிப்பு ஏறினால் காய்ச்சலாம். இந்த வேலை நிரந்தரமானால்தான் பெண் தருவேன் என்று லொரீனாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அதனால் எதை நக்கச் சொன்னாலும் நக்கும் நிலையில் இருந்தேன்.

மூன்றாம் தொட்டி மட்டும் முதல் நாளிலிருந்தே சரியில்லை. புளிப்புக்கு அடியில் வேறொன்று நாக்கில் ஒட்டியது. புகையிலை. யாரோ மென்று துப்பிய புகையிலை. முதலாளி கிளாவிஸ் பர்ச்சிடம் போய்ச் சொன்னேன். தொட்டியைக் கொட்டிவிடலாமா என்றும் கேட்டேன்.

"கொட்டுறதுக்கு ஒன்னய வேலைக்கு வைக்கல. இன்னொரு தடவ நக்கிப் பாரு" என்றார்.

அவர் நக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அந்த ஆலைச் சரக்கில் ஒரு சொட்டுகூட அவர் வாயில் பட்டு நான் பார்த்ததில்லை. எப்போதும் மோர்தான். காய்ச்சும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் வெர்னல் கிண்டல் செய்வான். "ஞானஸ்நானம் வாங்குனதுலேர்ந்து மொதலாளிக்கு மோருலயே போதை ஏறுதுடா."

அந்த ஞாயிறு எல்லாரும் தேவாலயத்தில் இருந்தார்கள். ஊறலுக்கு ஏது ஞாயிறு? நான் மட்டும் ஆலையில். மணி பதினொன்று ஐந்து. முதல் தொட்டி சரி. இரண்டாவதும் சரி.

மூன்றாவதில் நுரை தடித்து ஆடைபோல் மூடியிருந்தது. அதன்மேல் ஐந்து விரல் தடம். வெர்னல் கை வைத்திருப்பான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

பள்ளம் இல்லை. புடைப்பு. அடியிலிருந்து யாரோ விரலால் நெம்பியதுபோல...

டுப்... டுப்... என்று வெடித்துக்கொண்டிருந்த குமிழிகள் சட்டென்று நின்றன. எல்லாத் தொட்டியிலும்.

அப்படியே ஓடியிருக்கலாம். ஆனால் நாளைக் காலையில் முதலாளி கேட்பார். லொரீனா ஞாபகம் வந்தது. விரலை விட்டேன்.

வெதுவெதுப்பு...

உள்ளே ஏதோ என் விரலை நக்கியது.

சொரசொரப்பான நாக்கு. பிறகு பல்லில்லாத ஈறு. கவ்விச் சப்பியது. ருசி பார்ப்பதுபோல... நிதானமாக.

பிடுங்கினேன்.

பழக்கதோஷம். விரல் தானாக என் வாய்க்குப் போய்விட்டது.

நாக்கில் ஒரு உருண்டை. மென்று சக்கையான புகையிலை. கொழகொழவென்று எச்சில். இன்னும் சூடு ஆறவில்லை.

குடல் வெளியே வரும்வரை வாந்தி எடுத்தேன். சீச்சீ, இன்றைக்கும் எழுதும்போது குமட்டுகிறது.

ஆனாலும் மறுநாள் முதலாளியிடம் ஊறல் அருமை என்றேன். வேலை நிரந்தரமானது. கல்யாணமும் நடந்தது. நாலு வருடம் பீப்பாயில் கிடந்த சரக்கை முதலாளியே பரிசாக அனுப்பினார். என் ஆட்கள், அவள் ஆட்கள், எல்லாரும் குடித்தார்கள். நானும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு லொரீனாவை முத்தமிட்டேன். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"நீ எப்பலேர்ந்து பொகையில போடுற?"

வெர்னலைத் திரும்பிப் பார்த்தேன். அவன் முன்னால் கோப்பை நிரம்பியபடியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். என்னை ஓரமாக இழுத்துப் போனான்.

எனக்கு முன்னால் ஊறல் பார்த்தவர்களில் ஒருவர் ஹோபார்ட் என்ற கிழவர். வாயில் ஒரு பல்கூடக் கிடையாது, புகையிலையை மட்டும் எப்போதும் அதக்கியிருப்பார். நாலு வருடம் முன்பு மூன்றாம் தொட்டியில் குனிந்தவர், புளிக்கும்போது கிளம்பி நுரைக்கு மேல் நிற்கும் நச்சுக்காற்று மூச்சை அடைத்து, உள்ளே விழுந்துவிட்டார். ஊருக்குப் போயிருப்பார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். மூன்றாம் நாள் ஊறலை இறைக்கும்போதுதான் அடியில் கிடைத்தாராம்.

"ஊறலக் கொட்டிட்டீங்கல்ல?" என்றேன்.

"மொதலாளி விடல. காய்ச்ச வச்சாரு. அந்தப் பீப்பாயத்தான் இன்னைக்குத் தொறந்துருக்காங்க."

அது மட்டுமில்லை. பாலுக்கு உறைமோர் விடுவதுபோல, காய்ச்சி முடித்த ஊறலின் புளித்த அடிநீரில் ஒரு பங்கை அதே தொட்டியின் அடுத்த ஊறலில் ஊற்றுவது எங்கள் வழக்கம். அதிலிருந்து அடுத்ததற்கு. பிறகு அதற்கடுத்ததற்கு. நாலு வருடமாக ஒருநாளும் அது அறுந்ததில்லை.

நான் முதலாளியைத் தேடினேன். கேக்குக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்து, வாழ்த்துகிற பாவனையில் தன் தம்ளரை உயர்த்தினார்.

மோர்.