பிக்கப்பிலிருந்து கழற்றிய செட்டு

என் வீட்டுக்காரருக்குப் பீடி கிடையாது, சீட்டு கிடையாது. வெற்றிலைகூட என் மடியிலிருந்து பிடுங்கித்தான் போடுவார். அவருக்கு இருந்த ஒரே ஆசை பாட்டுக் கேட்பது. அந்த ஒன்றையும் நானும் என் மகனுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிடுங்கிப் போட்டோம். அவருக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தோம். அதுதான் இன்னும் ஆறவில்லை.

விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவருக்குச் சத்தம் பார்க்கிற வேலை. கட்டின சரக்கிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய்ப் பொட்டலில் வைத்துப் பற்றவைப்பார்கள். இவர் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, மருந்து தூக்கல், மருந்து கம்மி, இது சரி, பெட்டியில் போடு என்று சொல்வார். அவர் சொன்னால்தான் சரக்கு வெளியே போகும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பஞ்சு வைத்தால் சத்தம் எப்படித் தெரியும்?

நானும் அதே கம்பெனியில்தான் திரி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் எல்லோருமே சத்தமாகத்தான் பேசுவோம். நாங்கள் நலம் விசாரிப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர் சண்டையை விலக்க வருவார். அதனால் அவருக்குக் காது மந்தமானது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஒரு காது போயிருக்கும், இன்னொன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னால் கேட்காது, காப்பி என்றால் கேட்கும். பாதி மந்தம், பாதி நடிப்பு என்பது என் கணக்கு.

அவர் வேலையை விட்டு நின்ற சமயத்தில் என் மகன் ஒரு பழைய பிக்கப் வாங்கினான். அச்சாபீசிலிருந்து லேபிள் கட்டு ஏற்றுவான். சீசனில் பட்டாசுப் பெட்டியும் ஏற்றுவான். அந்த வண்டியில், வண்டிக் கம்பெனியிலேயே மாட்டிவிட்ட ஒரு கேசட் செட்டு இருந்தது. பச்சை விளக்கு எரியும். இரண்டு கதவிலும் ஒவ்வொரு ஸ்பீக்கர்.

சாயங்காலம் வண்டி வீட்டு முன்னால் வந்து நின்றதும் இவர் இடது பக்கம் ஏறிவிடுவார். கதவைச் சாத்துவார், கண்ணாடியை ஏற்றுவார், தோளைக் கதவில் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். டும் டும் என்று அடிக்கிற பேஸ் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருப்பார். பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். என் அடுப்படித் தட்டெல்லாம் கிணுகிணு என்று ஆடும்.

வண்டிக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியைத் தட்டுவேன். கண்ணைத் திறப்பார்.

"ஏங்க, பாட்டுக் கேக்குறீகளா, மாவு இடிக்கிறீகளா?"

"ரெண்டுந்தான். நாளைக்குப் புட்டு அவி."

"நின்ன எடத்துலயே நிக்கிற வண்டியில அப்படி எந்த ஊருக்குத்தான் போய்ட்டு வாரீக?"

"ஆனைக்குட்டம் வரைக்கும் போனேன். டேம்ல தண்ணி இல்ல, திரும்பிட்டேன்."

இப்படி ஏதாவது சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். அந்த முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருக்கும். கட்டின நாளில்கூட என்னைப் பார்த்து அப்படி இருந்ததில்லை என்று தெருவில் சொல்லிச் சிரிப்பேன்.

பிறகு எங்கள் பக்கமெல்லாம் குட்டி யானை வண்டி வந்தது. என் மகனும் அதற்கு மாறினான். பழைய பிக்கப்பை நாரணாபுரத்தில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. வண்டி பார்க்க வந்த அவர்கள் போர்மேன் உள்ளே எட்டிப் பார்த்ததும் பின்வாங்கினார்.

"ஆத்தா, செட்டு, ஸ்பீக்கரு, வயரு ஒண்ணும் இருக்கப்படாது. மருந்துச் சரக்கு ஏத்துற வண்டி. எங்க மொதலாளிக்குத் தேவையில்லாத வயரப் பாத்தாலே காய்ச்சல் வந்துரும். களட்டிட்டுக் குடுங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செட்டு நம்மிடமே நின்றுவிட்டது. அதை வீட்டுக்குள் மாட்டினால் மனுஷர் வெயில் காய்ந்த தகரத்துக்குள் போய் உட்கார வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே ராஜா மாதிரி கேட்கலாம். மகனிடம் சொன்னேன், அவனுக்கும் பிடித்தது.

கழற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. செட்டின் முகத்தில் இரண்டு ஓரத்திலும் சின்னச் சின்ன ஓட்டை. அதற்கென்று வளைந்த கம்பி இரண்டு உண்டாம். அதை உள்ளே விட்டால் பிடி விட்டு, செட்டு தானாக வழுக்கி வெளியே வருமாம். முதலில் வண்டி வைத்திருந்தவர் அந்தக் கம்பியை எங்கே தொலைத்தாரோ. என் மகன் சைக்கிள் கம்பியை வளைத்து எடுத்துக்கொண்டு வந்தான்.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள்.

"ஏலே, இரும்பக் கொண்டு உள்ள போகாத! சீசன் பூரா பட்டாசு ஏத்துன வண்டி. எந்த இடுக்குல எம்புட்டு மருந்து கெடக்குதோ."

"எம்மா, பெட்டி ஏத்துனது பின்னால. இது டிரைவர் சீட்டு."

"நீ ஏத்தி எறக்குன கையோட தான இங்கன வந்து உக்காந்த? கைய என்ன, அங்கனயே களட்டி வச்சிட்டா வந்த?"

வேறு ஊராக இருந்தால் கிழவிக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். ஆனால் அவனும் மருந்து வாசத்தில் வளர்ந்த பிள்ளை. மருந்து இருக்கிற அறைக்குள் இரும்பைக் காட்டக் கூடாது, பித்தளை, மரம், மூங்கில் இதுதான் கையில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சோறு தின்கிற மாதிரி. பேசாமல் கம்பியைக் கீழே போட்டான். பேட்டரி வயரைக் கழற்றினான். நான் ஈரத்துணியால் உள்ளே முழுக்கத் துடைத்தேன். பிறகு மூங்கிலைச் சீவி, குச்சி குச்சியாக எடுத்துக் கொடுத்தேன்.

குச்சி ஓட்டைக்குள் போனது. போய் உள்ளேயே ஒடிந்தது. அதை எடுக்க இன்னொரு குச்சி, அதுவும் ஒடிந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லா ஓட்டையும் மூங்கிலால் அடைத்துக்கொண்டது. இனிமேல் சரியான கம்பியே வந்தாலும் உள்ளே போகாது. கடைசியில் செட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கை உடைத்து, இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். பாதி வந்து நின்றது. பின்னால் வயர் பிடித்துக்கொண்டது. அது சொருகியிருந்த இடம் கைக்கு எட்டவில்லை. மகன் வயரையெல்லாம் கொத்தாகப் பிடித்து, நான் திரி வெட்டுகிற பித்தளைக் கத்தியால் அறுத்தான்.

இவர் இவ்வளவு நேரமும் வெளியே, இடது கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மகன் கதவு ஸ்பீக்கரைத் திருக வந்தபோது மெதுவாகச் சொன்னார்.

"அதை மட்டும் விட்ருங்களேன், எய்யா."

மகன் என்னைப் பார்த்தான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"செட்டு வீட்டுக்கு வருது, ஸ்பீக்கர வண்டியோட அனுப்பச் சொல்றீகளே. கதவா பாடும்?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், சிரித்தார். கதவிலிருந்து கையை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த ரேடியோக்காரர் ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி செய்து, ஸ்பீக்கரை அதில் பதித்து, வீட்டுக் கரண்டில் பாடுகிற மாதிரி செய்துகொடுத்தார். பீரோவுக்குப் பக்கத்தில் பலகை அடித்து வைத்தோம். முன்னால் நாற்காலி. சாயங்காலம் இவர் வந்து உட்காருவார், நான் கேசட்டைப் போடுவேன், பச்சை விளக்கு எரியும். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார். தொடையில் தாளம் போடுவார். குமிழைத் திருக வரவே இல்லை. பாட்டு இப்போது நல்ல சத்தத்தில், குரல் தெளிவாக வந்தது. மனுஷருக்கு வீட்டுக் காற்று ஒத்துக்கொண்டது என்று பெருமைப்பட்டேன்.

அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் என்று கரண்டுக்கே தெரியாது. ஒரு நாள், அடைமழைக் காலம், இன்னும் இருட்டவில்லை, பாட்டுப் பாதியில் நின்றது. பச்சை விளக்கும் அணைந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. கிண்டல் செய்யலாம் என்று பின்னால் போய் நின்று, "ஏங்க, பாடுறவுக வீட்டுக்குப் போய்ட்டாக," என்றேன். தாளம் நிற்கவில்லை. "ஏங்க," என்று கத்தினேன். வீடு முழுக்க மழைச் சத்தமும் என் சத்தமும்தான். அவர் பாட்டுக்குத் தலையை ஆட்டினார். முன்னால் வந்து, அவர் முழங்காலைத் தொட்டேன். கண்ணைத் திறந்தார்.

"நல்ல பாட்டு," என்றார்.

நான் அணைந்துகிடந்த விளக்கைக் காட்டினேன். அதைப் பார்த்தார். தொடையிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு காதுமா?"

"ம்."

"எப்பருந்து?"

"கம்பெனியில இருக்கும்போதே. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சு. வண்டி வந்தப்ப துளி மிச்சம் இருந்துச்சு, அப்பறம் அதுவும் போயிருச்சு."

"பின்ன சத்தம் எப்படிப் பாத்தீக?"

நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "இங்கன இடிக்கும். காலுக்குக் கீழ தரை சொல்லும். அதுல தப்பே வராது. சத்தம் பாக்கிறவன் காது கேக்கலேன்னு சொன்னா வேலையில வச்சுக்குவாகளா? அப்பறம் சொல்லாமயே பளகிருச்சு."

"நான் பேசுனதெல்லாம்?"

"ஒன் வாய் தூரத்துலருந்தே தெரியுமே. அம்புட்டுப் பெரிய வாய்," என்றார். அப்போதும் கேலியை விடவில்லை.

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்கியபடி சொன்ன கேலியெல்லாம் எனக்கு நினைவு வந்தது. தெருவே சிரித்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து இவரும் சிரித்திருக்கிறார்.

"வண்டியில என்ன கேட்டுச்சு?" என்றேன்.

"கதவு பாடும்," என்றார். "தோள்ல வந்து இடிக்கும். காது கொஞ்சம் இருக்கையிலயே எந்தப் பாட்டுக்குக் கதவு எப்படி இடிக்குதுன்னு பளகிட்டேன். அப்பறம் காது போனாலும் கதவு சொல்லிரும். தோள் சொன்னா உள்ள பாட்டு ஓடும், குரலோட ஓடும். இந்தப் பலகை ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது."

"அப்பறம் ஏன் தலைய ஆட்டுனீக?"

"நீ ஆசையா மாட்டி வச்சிருக்கயே."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மகனிடம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான், வாயில் வைக்கவில்லை. மறுநாள் ஸ்பீக்கரைப் பலகையிலிருந்து கழற்றிப் பீரோவில் வைத்துப் பார்த்தான், இரும்புக் கட்டிலில் கட்டிப் பார்த்தான். குட்டி யானையிலும் ஒரு செட்டு வாங்கி, கதவில் வைத்து, பேஸைக் கடைசிவரை திருகினான். இவர் ஏறித் தோளைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் இருந்தார்.

"இடிக்குது, எய்யா. என்ன பாட்டுன்னு தெரியல. இது வேற பாசை பேசுது. இனிமே இதப் பளக எனக்குக் காது வேணுமே."

அதற்குப் பிறகுதான் மூன்று பேருமாக நாரணாபுரம் போனோம். பிக்கப்பையே திரும்பக் கேட்பது என்று மகனுக்கு யோசனை. வண்டி தராவிட்டால் கதவையாவது கேட்பது என்று எனக்கு. பிக்கப் அந்தக் கம்பெனி வாசல் கேட்டுக்கு வெளியே நின்றது. எங்களைப் பார்த்ததும் போர்மேன் வந்தார்.

"ஒரு கதவ மட்டும் குடுங்க, வேற கதவு வாங்கி மாட்டித் தாரோம்," என்றேன்.

"கதவ வச்சு என்னாத்தா பண்ணப் போறீக?"

"வீட்டுக்குக் கதவு இல்ல, அதான்," என்றேன். வேறென்ன சொல்வது?

போர்மேன் சிரித்தார். பிறகு இவர் அந்த இடது கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்பதைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "ஏறி உக்காரச் சொல்லுங்க," என்றார்.

இவர் ஏறினார். கதவைச் சாத்தினார். செட்டு இருந்த பள்ளத்தில் தகரத்தை வைத்து மூடியிருந்தார்கள். செட்டுதான் எங்களிடம் இருக்கிறதே, அது பெரிதில்லை. தோளைக் கதவில் வைத்து, விரலை மடக்கி உள்பக்கம் ஒரு தட்டுத் தட்டினார். இன்னொரு தட்டு. தாழே ஒன்று, மேலே ஒன்று. வெளியே நின்ற எனக்கே கேட்டது. சுவரைத் தட்டுகிற மாதிரி ஒரு மொட்டைச் சத்தம்.

"அந்தக் கதவு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்துருச்சுல்ல," என்றார் போர்மேன். "பட்டறையில விட்டு, உள்ள புதுத் தகரம் வச்சு அடிச்சு, பட்டி போட்டு அடச்சாச்சு. இப்ப கெட்டிக் கதவு. இன்னும் பத்து வருசத்துக்குக் கவலையில்ல."

நல்ல சேதி சொல்கிறவர் முகம் அவருக்கு.

இவர் இறங்கி, கதவை மெதுவாகச் சாத்தி, போர்மேனிடம், "நல்லா பண்ணிருக்காக," என்றார். என்னைப் பார்த்து, "வா, போகலாம்," என்றார்.

குட்டி யானையில் எப்போதும் இவர்தான் கதவோரம் உட்காருவார். அன்று எனக்கு முன்னாலேயே ஏறி நடுவில் போய் ஒடுங்கி உட்கார்ந்தார். கதவோரம் எனக்குக் கிடைத்தது. வீடு வரைக்கும் நான் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன். பேசலாம்தான். பேசினால் அவருக்கு என் முகத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். அதை அப்போது அவருக்குக் காட்ட என்னால் முடியவில்லை.