சந்தைக் கழிப்பறைக்குப் பத்து ரூபாய்

போன வாரம் பூண்டு வாங்கலாம் என்று சந்தைக்குப் போனேன். பூண்டுக்கு முன்னால் ஒரு சண்டை கிடைத்தது!

இடம்: பெண்கள் கட்டணக் கழிப்பறை வாசல்.

எங்கள் மலைச் சந்தையில் பெண்களுக்கென்று இருப்பது அது ஒன்றுதான். கட்டி எத்தனை வருஷமோ... கூரை ஒழுகும், குழாயில் காற்றுதான் வரும், ஒரு கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது. ரிப்பேருக்குப் பணம் வேண்டுமாம். கட்டணத்தை ஐந்திலிருந்து பத்தாக்கிவிட்டார்கள்.

வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவர் ஆமினா. எதிரே நின்றவர், கிளாவரை கிராமத்திலிருந்து பூண்டு கொண்டுவந்து விற்கும் பொன்னுத்தாய். இருவருமே எனக்குப் பழக்கம்.

"ஏம்மா, பத்து ரூவாயா? பூண்டு வித்த காசெல்லாம் ஒங்கிட்டயே குடுத்துட்டுப் போகவா?"

"நானாக்கா ஏத்துனேன்? சாயங்காலம் கான்ட்ராக்டர் வந்து டிக்கெட்ட எண்ணுவாரு. கொறஞ்சா என் சம்பளத்துல புடிப்பாரு."

இரண்டுமே நியாயம். யார் பக்கம் பேசுவது?

"நான் தர்றேங்க்கா" என்று பர்ஸைத் திறந்தேன். பொன்னுத்தாய் ஒரு பார்வை பார்த்தார். "நாங் கேட்டனா தாயி?" என்றவர் விறுவிறுவென்று தன் கடைக்கே திரும்பிவிட்டார்.

சங்கடத்தோடு பின்னாலேயே போனேன். எனக்குப் பூண்டை நிறுத்துக்கொண்டிருந்தவர், தராசைப் பிடித்தபடியே அப்படியே சரிந்தார்.

நான் போட்ட சத்தத்தில் முதலில் ஓடிவந்தது யார் தெரியுமா? ஆமினா! டிக்கெட் கட்டையெல்லாம் அப்படியே போட்டுவிட்டு. பொன்னுத்தாயின் தலையை மடியில் தாங்கி, முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் திறந்ததும் பாட்டிலை வாயருகே கொண்டுபோனார்.

பொன்னுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வேணாம்மா."

"ஏங்க்கா?"

"குடிச்சா வரும்ல..."

வெள்ளனே பஸ் ஏறியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லையாம். ஊர் திரும்பும்வரை குடிக்கவும் மாட்டாராம். ஐந்து ரூபாயாக இருந்தபோது ஒரு டீயாவது குடிப்பாராம். சுற்றி நின்ற வியாபாரிப் பெண்கள் யாருக்கும் இதில் ஆச்சரியமே இல்லை. அவர்களும் அப்படித்தான்.

ஆமினாவின் கண் கலங்கிவிட்டது. "குடிங்கக்கா. குடிச்சிட்டு வெரசா உள்ள போயிட்டு வாங்க. காசு கெடக்கட்டும், நான் பாத்துக்கிடுறேன்."

பாட்டில் முழுவதையும் குடித்தார் பொன்னுத்தாய்.

தெருவிளக்குக்குக் கீழே நடந்தால் நம்மிடம் யாராவது சில்லறை கேட்கிறார்களா? எல்லோருடைய வரியிலும்தான் அது எரிகிறது. கழிப்பறைக்கு மட்டும் ஏன் அவசரத்தில் நிற்பவரைப் பிடித்துக்கொள்கிறோம்? அதுவும் பெண்ணை! ஆண்களுக்கென்ன... சுவர் இருக்கிறது.

பொன்னுத்தாய்க்குக் கொஞ்சம் தெம்பு வந்ததும், நாலைந்து பெண்களாகச் சேர்ந்து பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனோம். சந்தையைக் கவனிக்கும் அதிகாரி எங்களை உட்காரவைத்துத்தான் பேசினார்.

"கூரை மாத்தணும் மேடம், செப்டிக் டேங்கும் போயிருச்சு. வீட்டு வரியக் கொஞ்சம் ஏத்தலாம்னா ஊரே சண்டைக்கு வருது. நான் எங்க போவேன்?"

பாவமாகத்தான் இருந்தது. "ஏத்துங்க சார்... என் வீட்டுக்கும் சேர்த்து" என்று சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியம்!

பொன்னுத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாங்க ஓசியில கேக்கலங்க. கடை போடுற எடத்துக்கு வாரா வாரம் காசு கட்டிச் சீட்டு வாங்குறோம்ல? இந்தச் சோலியவும் அதுலயே சேத்துக்கிடக் கூடாதா?"

அதிகாரி அப்போதே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டார்.

இந்த வாரத்திலிருந்து, கடைச் சீட்டு வைத்திருக்கும் பெண்களுக்குக் கழிப்பறைக் கட்டணம் கிடையாது. அதற்காக ஆமினா சம்பளத்திலும் கை வைக்க மாட்டார்கள். தாழ்ப்பாள்கூட வந்துவிட்டது.

கூரை? அது இன்னும் ஒழுகுகிறது. அதற்காகத்தான் வீட்டு வரியை ஏற்றப்போகிறார்களாம். ஏற்றச் சொன்ன மகராசி யாரென்று எங்கள் தெருவில் தீவிர விசாரணை நடக்கிறது... தயவுசெய்து நீங்கள் யாரும் சொல்லிவிடாதீர்கள்!