ஒரு கைக்கு மட்டும் ஒரு வேண்டுதல்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. திருப்பரங்குன்றத்து மலையின் நிழல் குளத்தில் இறங்கும் மாலைகளில், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் படியில் நிற்பதாகவே இன்னும் எனக்குத் தோன்றுகிறது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தால் வேறு யாரோ.

திருமங்கலத்தை அடுத்த கரிசல் ஊரொன்றில், பருத்தி விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா காலமானபின் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அக்காவின் சம்பளத்தில்தான். எழுபதுகளின் நடுவில் திருப்பரங்குன்றத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தார். வேலை அப்போது நிரந்தரமாகவில்லை.

இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று அக்காவிடம் தனித்தனிக் கூறு கிடையாது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, வகுப்பையே குளக்கரைக்குக் கூட்டிப்போய்விடுவார். மரு உதிர வேண்டிக்கொண்டு குளத்தில் உப்பும் மிளகும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். "இம்புட்டு உப்பும் எங்க போகுது? மீன் எப்படித் தாங்குது? மரு உப்பாலதான் போச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிள்ளைகளும் அப்படியே கனவில் நிற்பதுபோல் நிற்பார்கள்.

வினை மாரியம்மாள் வீட்டிலிருந்து வந்தது. அவர் கோயில் வாசலில் பூ விற்பவர். அக்காவின் வகுப்பில் படித்த அவர் மகள் பூங்கொடிக்கு இரண்டு கைகளிலும் மரு. உப்புப் போடப் போன இடத்தில் அவள், "வலது கைக்கு மட்டும் வேண்டிக்கிறேன் சாமி, இடது கையைச் சும்மா விட்டுப் பாக்கணும்" என்று உரக்கச் சொல்லிவிட்டாள். போதாதா!

மறுநாள் பள்ளித் தாளாளர் அறையில் மாரியம்மாள் கொதித்தார். "சாமிக்கே பரீட்சை வைக்கச் சொல்லிக் குடுக்குறீகளா டீச்சர்?" மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை இல்லை என்றார் தாளாளர். இதைக் கேள்விப்பட்டு வீட்டில் அம்மாவும் நானும் நடுங்கிப்போனோம். அக்காவோ நிதானமாக, "உப்புப் போடாதேன்னு நான் சொல்லலைம்மா. போட்டுட்டுக் கவனிச்சுப் பாருன்னேன். மரு எப்படிப் போகுதுன்னு எனக்கும் தெரியலை" என்றாராம்.

"டீச்சருக்கே தெரியலையா!" மாரியம்மாள் கோபத்தை மறந்து சிரித்தேவிட்டார். "அப்ப அந்தக் கையை நானும்ல பாக்கணும். அதுவரைக்கும் டீச்சர் இருக்கட்டும்யா." தாளாளரும் மன்னிப்புப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு கையிலும் மரு உதிர்ந்துவிட்டது. "பாத்தீகளா, கேக்காத கைக்கும் சாமி குடுத்துருச்சு!" என்றார் தாய். "தானா உதிர்ந்திருந்தா?" என்றாள் மகள். அக்கா அன்று சிரித்த சிரிப்பை நான் வேறு எந்நாளும் கண்டதில்லை. பிறகு வேலையும் நிரந்தரமானது.

கடைசியில் அக்கா நோயில் படுத்தபோது, மாரியம்மாள் அவருக்காக உப்புப் போட்டுவிட்டு வந்தார். "எந்தக் கைக்கும்மா?" என்று கேட்டு அந்த நிலையிலும் கேலி செய்தார் அக்கா.

இறுதிச் சடங்கன்று தலைமாட்டில் நின்று மாரியம்மாள், "கேக்காத கைக்குக் குடுத்த சாமி, கேட்ட உசுருக்கு ஏன் குடுக்கலை டீச்சர்?" என்று அழுதார். பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் அக்காவின் முகத்தைப் பார்த்தோம்.

அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், தோள்கொடுத்த உறவினர்களுக்கும், எங்கிருந்தெல்லாமோ பேருந்து பிடித்து வந்த மாணவியருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மாரியம்மாளுக்குத் தனியே ஒரு வார்த்தை. நீங்கள் கேட்டதற்கு அக்கா என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியும். "எனக்கும் தெரியலைம்மா."