சோம்பல் அல்ல என்று ஒரு சர்டிபிகேட்

போன வாரம் என் தங்கை மல்லிகாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவள் தொடையிலிருந்து துளி சதையை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பியிருந்தார்கள். ரிசல்ட் தபாலில் வர இரண்டு மாதம் ஆனது; அதைக் கேட்கத்தான் போனோம்.

மல்லிகாவுக்கு இருபத்தாறு வயது. முத்தியால்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் கை துவண்டுவிடும். பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தால், பாதி வழியில் ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அதுதான் வினை... உட்கார்ந்து எழுந்தால் சரியாகிற வியாதியை யார் நம்புவார்கள்?

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மூன்று டாக்டர்கள். ஒருவர் டானிக் கொடுத்தார். இன்னொருவர் பூச்சி மருந்து. மூன்றாமவர் — "ஒரு கொழந்த பொறந்தா எல்லாம் சரியாயிடும்."

மாமியாருக்கு டாக்டரே தேவைப்படவில்லை. "ஒடம்பு வணங்கல. வேற என்னா?" தை பிறந்ததும் பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

நான் மட்டும் யோக்கியனா? "கொஞ்சம் சுறுசுறுப்பா இருந்தாதான் என்னா?" என்று அவளிடமே கேட்டிருக்கிறேன்.

நாலாவது டாக்டர் பொறுமைசாலி. சதைக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் இருக்கின்றனவாம். உடம்புக்குச் சக்தி தயாராவது அங்கேதான். அதற்கு வேண்டிய ஒரு என்சைம் இவளுக்கு மிகக் குறைவு. அதை உண்டாக்கும் ஜீனில் கோளாறு. எந்த ஜீன் என்று இன்னும் தெரியாதாம்.

"யார் வழியில வந்துது டாக்டர்?" என்றேன்.

"அநேகமா அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ரெண்டும் சேர்ந்தாதான் வரும்."

"மருந்து?"

"இப்போதைக்கு இல்ல. அளவா வேலை, நெறைய ஓய்வு."

மல்லிகா அழவில்லை. "சார், இத தமிழ்ல எழுதித் தர்றீங்களா? எங்க அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது."

டாக்டர் லெட்டர்பேடை இழுத்தார். தமிழிலேயே எழுதினார்: 'இவருக்குத் தசையில் பிறவிக் குறைபாடு உள்ளது. இது சோம்பல் அல்ல.' கையெழுத்து, சீல்.

எங்கள் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னால் — "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்ல. ஒங்கப்பா பக்கந்தான்" என்றார் அம்மா. "முப்பது வருஷம் மில்லுல நின்னவன்டா நானு" என்றார் அப்பா. 'ரெண்டு பேருந்தான்' என்று நான் தொண்டை வறளச் சொன்னது யார் காதிலும் விழவில்லை. பெற்ற பெண் மூலையில் சுருண்டு கிடக்கிறாள், இவர்கள் வம்சக் கணக்குப் பார்க்கிறார்கள்.

மறுநாள் முத்தியால்பேட்டை. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தை இரண்டு முறை படித்தார். மாப்பிள்ளையிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனார்.

மாமியார் மல்லிகா பக்கம் திரும்பினார். "ஏம்மா... இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

மூன்று வருஷமாக அவள் வேறு என்னதான் சொல்லிக்கொண்டிருந்தாளாம்?